எசேக்கியா அரசனின் வாழ்வும் கடவுளின் பாதுகாப்பும்



கடவுள் தம் மக்களைப் பாதுகாக்கின்றார் என்பது வேதாகமம் முழுவதிலும் தொடர்ந்து வரும் கருப்பொருளாகும். செங்கடலைக் கடந்த இஸ்ரவேலர், சிங்கக்கெபியில் இருந்த தானியேல், எஸ்தர் இராஜாத்தியின் காலத்து யூதர் எனப் பல உதாரணங்களை நீங்கள் கற்றிருப்பீர்கள். இப்பாடத்தில் யூதாவின் அரசனாகிய எசேக்கியாவின் வாழ்வை எடுத்துக்கொள்கின்றோம்.

இவ்வரசனைத் தெரிவு செய்வதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, இவனுடைய வரலாறு வேதாகமத்தில் 2 இராஜாக்கள் 18–20, 2 நாளாகமம் 29–32, ஏசாயா 36–39 ஆகிய மூன்று இடங்களில் கூறப்பட்டுள்ளது. இரண்டாவது, இவனை முற்றுகையிட்ட பகைவனின் சொந்தப் பதிவேடும் நமக்குக் கிடைத்துள்ளது. மூன்றாவது, கடவுளின் பாதுகாப்பு என்றால் உண்மையில் என்ன என்ற கடினமான கேள்விக்கு இவ்வரலாறு நம்மை இட்டுச் செல்கின்றது.

தொடங்குமுன் ஒரு சிறு எச்சரிக்கை. எசேக்கியா வேறு, எசேக்கியேல் வேறு. எசேக்கியா எருசலேமில் ஆண்ட அரசன். எசேக்கியேல் நூறு ஆண்டுகளுக்கும் அதிகமான காலத்தின் பின்னர் பாபிலோனில் சிறையிருப்பில் வாழ்ந்த தீர்க்கதரிசி. பரீட்சை அவசரத்தில் ஓரெழுத்து மாறினால் முழு விடையும் மாறிவிடும்.

1. எசேக்கியா பிறந்த காலம்

எசேக்கியாவின் தந்தை ஆகாஸ். தாய் சகரியாவின் மகளாகிய ஆபி. சாலொமோனுக்குப் பின்னர் தாவீதின் இராச்சியம் வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா என இரண்டாகப் பிரிந்திருந்தது. இவ்விரு சிறிய நாடுகளுக்கும் கிழக்கே அசீரியப் பேரரசு வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. பணிந்து கப்பம் செலுத்திய நாடுகளை அசீரியர் விட்டுவைத்தனர். எதிர்த்த நாடுகளின் நகரங்களை அழித்து, மக்களைத் தூர தேசங்களுக்குக் குடிபெயர்த்தனர்.

கி.மு. 734 அளவில் சீரியாவின் அரசன் ரேத்சீனும் இஸ்ரவேலின் அரசன் பெக்காவும் சேர்ந்து எருசலேமுக்கு எதிராக வந்தனர். அப்போது ஏசாயா தீர்க்கதரிசி, மேற்குளத்து நீர்க்காலின் முனையில் ஆகாஸைச் சந்தித்து, அஞ்ச வேண்டாம், கடவுளை நம்பு என அறிவுறுத்தினார். ஆகாஸ் அதனை ஏற்கவில்லை. ஆலயத்திலும் அரண்மனையிலும் இருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரிய அரசன் திக்லாத்பிலேசருக்கு அனுப்பி, அவனுடைய உதவியைப் பெற்றான். அன்று தொடக்கம் யூதா அசீரியாவின் அடிமை நாடாயிற்று. ஆகாஸ் அந்நிய பலிபீடத்தின் மாதிரியை எருசலேமுக்குக் கொண்டுவந்தான். ஆலயக் கதவுகளையும் பூட்டினான்.

நீர்க்காலின் முனை என்ற இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அங்கே திரும்பவும் வருவோம்.

கி.மு. 722 அளவில் வட இராச்சியத்தின் தலைநகராகிய சமாரியா, மூன்று ஆண்டு முற்றுகையின் பின்னர் அசீரியரிடம் வீழ்ந்தது. அங்கிருந்த மக்கள் சிறைபிடித்துச் செல்லப்பட்டனர். அகதிகள் பலர் தெற்கே எருசலேமை நோக்கி வந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். இக்காலத்தில் எருசலேம் நகரம் பெருமளவு விரிவடைந்தமையை அகழ்வாய்வுகள் காட்டுகின்றன. தன் இனத்தவரின் நாடு ஒன்று இல்லாமற்போனதைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவன் எசேக்கியா.

2. ஆட்சியும் சமயச் சீர்திருத்தமும்

எசேக்கியா தனது 25 ஆவது வயதில் அரசனாகி 29 ஆண்டுகள் ஆண்டான். அவனுடைய ஆட்சிக்காலம் பொதுவாகக் கி.மு. 715–687 எனக் கொள்ளப்படுகின்றது. சமாரியாவின் வீழ்ச்சி அவனுடைய ஆறாம் ஆண்டில் நிகழ்ந்ததாகவும், சனகெரிபின் படையெடுப்பு பதினான்காம் ஆண்டில் நிகழ்ந்ததாகவும் 2 இராஜாக்கள் கூறுவதால், தொடக்க ஆண்டு பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் படையெடுப்பு நடந்த ஆண்டு கி.மு. 701 என்பதில் ஐயமில்லை.

ஆட்சியின் முதலாம் ஆண்டு முதலாம் மாதத்திலேயே, தந்தை பூட்டிய ஆலயக் கதவுகளை எசேக்கியா திறந்தான். லேவியர் 16 நாட்களில் ஆலயத்தைச் சுத்திகரித்து முடித்தனர். மேடைகள் அகற்றப்பட்டன, சிலைகள் உடைக்கப்பட்டன, தோப்பு விக்கிரகங்கள் வெட்டப்பட்டன.

இவற்றுள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது வெண்கலச் சர்ப்பம் உடைக்கப்பட்டமையாகும். வனாந்தரத்தில் பாம்புக்கடியால் இறந்துகொண்டிருந்த மக்கள் பிழைப்பதற்காகக் கடவுளின் கட்டளைப்படி மோசே செய்தது அது. பல நூற்றாண்டுகளின் பின்னர் மக்கள் அதற்கே தூபங்காட்டத் தொடங்கியிருந்தனர். எசேக்கியா அதனை உடைத்து, அது வெறும் வெண்கலமே எனப் பொருள்படும் நிகுஸ்தான் என்ற பெயரையும் இட்டான். பாதுகாப்பின் அடையாளம் ஒன்று, பாதுகாக்கும் கடவுளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடாது என்பதை அவன் உணர்ந்திருந்தான். இப்பாடத்தின் முடிவில் இக்கருத்து நமக்குத் திரும்பவும் தேவைப்படும்.

அடுத்து, பெயெர்செபா முதல் தாண் வரை தூதரை அனுப்பி, பஸ்கா பண்டிகைக்கு வருமாறு வடநாட்டில் எஞ்சியிருந்த மக்களையும் அழைத்தான். பலர் தூதரைப் பரியாசம் செய்தனர். ஆயினும் ஆசேர், மனாசே, செபுலோன் கோத்திரங்களில் சிலர் தம்மைத் தாழ்த்தி எருசலேமுக்கு வந்தனர். ஏழு நாட் பண்டிகை மகிழ்ச்சியின் மிகுதியால் மேலும் ஏழு நாட்கள் நீடிக்கப்பட்டது.

3. நோயும் பாபிலோனியத் தூதுவரும்

எசேக்கியா ஒரு முறை மரணத்துக்கு ஏதுவான நோயில் விழுந்தான். வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்திவிடுமாறு ஏசாயா வந்து அறிவித்தார். அரசன் சுவர்ப்புறமாகத் திரும்பி, அழுது மன்றாடினான். ஏசாயா அரண்மனையின் நடுமுற்றத்தைத் தாண்டுமுன்னரே, மேலும் 15 ஆண்டுகள் அவனுக்குக் கொடுக்கப்படும், நகரமும் அசீரியரிடமிருந்து காக்கப்படும் என்ற செய்தி அவருக்குக் கிடைத்தது. இங்கும் ஒரு மருந்து பயன்பட்டமையைக் கவனியுங்கள். அத்திப்பழ அடை பிளவையின்மேற் பற்றுப்போடப்பட்டது. ஆகாஸின் படிகளில் நிழல் பத்துப் பாகை பின்னோக்கிச் சென்றது அடையாளமாயிற்று.

நலம் பெற்ற செய்தியைக் கேட்டுப் பாபிலோனிய அரசன் மெரொதாக்பலாதான் தூதுவரை அனுப்பினான். இம்மன்னனும் அசீரியாவின் பகைவன். எசேக்கியா மனமகிழ்ந்து, தன் பொக்கிஷசாலையையும் ஆயுதசாலையையும் ஒன்றும் விடாமற் காட்டினான். இவையெல்லாம் ஒரு நாள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்படும் என ஏசாயா எச்சரித்தார். தன் நாட்களிற் சமாதானம் இருக்குமே என அரசன் ஆறுதலடைந்தான். அவனுடைய குணத்தின் பலவீனம் வெளிப்படும் இடம் இது.

வேதாகமத்தில் இந்நிகழ்ச்சிகள் முற்றுகைக்குப் பின்னர் கூறப்பட்டாலும், அவை அதற்கு முன்னரே நடந்தன என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 29 ஆண்டு ஆட்சியில் 15 ஆண்டுகளைக் கழித்தால் 14 ஆம் ஆண்டு வருவதும் இதற்கு ஒரு சான்றாகும்.

4. எழுச்சியும் ஆயத்தங்களும்

கி.மு. 705 இல் அசீரிய அரசன் சர்கோன் போர்க்களத்தில் கொல்லப்பட்டான். அவனுடைய மகன் சனகெரிப் ஆட்சிக்கு வந்தான். பேரரசின் பல பகுதிகளிலும் கலகம் மூண்டது. எசேக்கியாவும் கப்பம் கட்டுவதை நிறுத்தினான். பெலிஸ்தரின் எக்ரோன் நகர மக்கள், அசீரியாவுக்கு விசுவாசமாயிருந்த தம் அரசனைக் கட்டி, எசேக்கியாவின் கையில் ஒப்படைத்தனர். எகிப்தின் உதவியும் எதிர்பார்க்கப்பட்டது. எகிப்தின் குதிரைகளை நம்புவது வீண் என ஏசாயா கடுமையாக எச்சரித்தார்.

பழிவாங்க அசீரியன் வருவான் என்பதை அறிந்த எசேக்கியா பின்வரும் ஆயத்தங்களைச் செய்தான்.

• நகருக்கு வெளியேயிருந்த நீரூற்றுகளை அடைத்தான்.
• இடிந்த மதிலைத் திருத்தி, வெளியே மற்றொரு மதிலையும் கட்டினான்.
• ஆயுதங்களையும் கேடகங்களையும் திரளாகச் செய்வித்தான்.
• கீகோன் ஊற்றின் நீரை நகருக்குள் கொண்டுவந்தான்.

இவற்றுட் சில இன்றும் காணக்கூடியவை. 1970களில் நாமான் அவிகாத் என்ற தொல்லியல் அறிஞர் எருசலேமில் ஏறத்தாழ 7 மீற்றர் தடிப்பான மதில் ஒன்றை அகழ்ந்து கண்டார். அது எசேக்கியாவின் காலத்ததெனக் கொள்ளப்படுகின்றது. கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் குளம் வரை கற்பாறையைக் குடைந்து அமைக்கப்பட்ட சுரங்க நீர்வழி 533 மீற்றர் நீளமானது. இரு தொழிலாளர் குழுக்கள் இரு முனைகளிலிருந்தும் குடைந்து வந்து நடுவிற் சந்தித்தன. இதனைக் கூறும் எபிரேயக் கல்வெட்டு 1880 இல் சுரங்கத்தினுள்ளேயே கண்டுபிடிக்கப்பட்டது. அது இப்போது இஸ்தான்புல் நூதனசாலையில் உள்ளது. அதில் அரசனின் பெயர் இல்லை. பாறைக்கு அப்பாலிருந்து மறு குழுவினரின் குரல் கேட்டது என்பது போன்ற தொழிலாளரின் அனுபவமே அதிற் பதியப்பட்டுள்ளது.

இவ்வாயத்தங்களைப் பற்றி ஏசாயா சொன்னது கவனத்திற்குரியது. மதிலைப் பலப்படுத்துவதற்காக வீடுகள் இடிக்கப்பட்டதையும் நீர் சேகரிக்கப்பட்டதையும் குறிப்பிடும் அவர், இவற்றையெல்லாம் செய்தவர்கள் இவற்றுக்கு மூலகாரணரான கடவுளை நோக்கவில்லையே என வருந்துகின்றார் (ஏசாயா 22). மதில் கட்டுவது பிழை என்று அவர் கூறவில்லை. மதிலோடு நம்பிக்கை நின்றுவிடுவதே பிழை.

5. கி.மு. 701: படையெடுப்பு

சனகெரிப் கடற்கரை வழியே தெற்கு நோக்கி வந்து, யூதாவின் அரணான நகரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தான். எருசலேமுக்கு அடுத்த முக்கியத்துவம் வாய்ந்த லாகீஸ் நகரையும் முற்றுகையிட்டான். எசேக்கியா லாகீசுக்குத் தூதனுப்பி, தான் குற்றம் செய்ததாக ஒப்புக்கொண்டான். 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் தண்டமாக விதிக்கப்பட்டது. கொடுப்பதற்குப் போதாமையால், ஆலயக் கதவுகளிலும் நிலைகளிலும் தானே பதித்திருந்த பொன்தகட்டை உரித்துக் கொடுத்தான். தந்தை ஆகாஸ் செய்ததையே மகனும் செய்யும் நிலை வந்தது. ஆனால் பணம் கொடுத்தும் படை திரும்பவில்லை.

6. மதிலருகே ரப்சாக்கே

சனகெரிப் தன் பெரிய அதிகாரிகளைப் படையுடன் எருசலேமுக்கு அனுப்பினான். அவர்களுட் பேசியவன் ரப்சாக்கே. இது ஆளின் பெயரன்று, அசீரிய அரசவையில் வகித்த பதவியின் பெயர். அவன் வந்து நின்ற இடம் மேற்குளத்து நீர்க்காலின் அருகாகும். ஆகாஸிடம் ஏசாயா, கடவுளை நம்பு என்று சொன்ன அதே இடம் அது. தந்தை அசீரியனை நாடிய இடத்துக்கே அசீரியன் வந்து மகனை மிரட்டினான்.

எசேக்கியாவின் அதிகாரிகளான எலியாக்கீம், செப்னா, யோவாக் ஆகிய மூவரும் வெளியே வந்து அவனைச் சந்தித்தனர். அவனுடைய பேச்சில் நான்கு வாதங்கள் இருந்தன.

(அ) எகிப்து நெரிந்த நாணற்கோல், ஊன்றுபவனின் கையையே அது குத்தும்.
(ஆ) எசேக்கியா மேடைகளை அகற்றியவன், ஆகையால் உங்கள் கடவுளே அவன்மீது கோபமாயிருக்கின்றார்.
(இ) 2000 குதிரைகள் தந்தாலும் ஏறுவதற்கு உங்களிடம் ஆட்கள் இல்லை.
(ஈ) வேறெந்த நாட்டுத் தெய்வமும் தன் நாட்டை அசீரியனிடமிருந்து காக்கவில்லை, உங்கள் கடவுள் மட்டும் காப்பாரா?

மதிலின்மேல் இருக்கும் மக்களுக்கு விளங்காதவாறு அரமேய மொழியிற் பேசும்படி அதிகாரிகள் வேண்டினர். அவனோ வேண்டுமென்றே யூதர் பேசும் மொழியில், உரத்த குரலிற் பேசினான். சரணடைந்தால் அவரவர் தம் திராட்சையையும் அத்தியையும் உண்ணலாம், பின்னர் இதைப் போன்ற நல்ல தேசத்துக்குக் கொண்டுபோகப்படுவீர்கள் என ஆசை காட்டினான். இது ஆயுதம் இல்லாமல் நடத்தப்பட்ட போர். மக்களின் மனத்தை உடைப்பதே அதன் நோக்கம். மக்கள் அரசனின் கட்டளைப்படி ஒரு வார்த்தையும் மறுமொழி சொல்லாமல் மௌனமாயிருந்தனர்.

7. ஆலயத்தில் விரிக்கப்பட்ட கடிதம்

செய்தி கேட்ட எசேக்கியா தன் ஆடைகளைக் கிழித்து, இரட்டு உடுத்து, ஆலயத்துக்குப் போனான். அதிகாரிகளை ஏசாயாவிடம் அனுப்பினான். பயப்பட வேண்டாம், அசீரியன் ஒரு செய்தி கேட்டுத் தன் தேசத்துக்குத் திரும்புவான் என்பதே ஏசாயாவின் மறுமொழி.

இதற்கிடையில் எத்தியோப்பியனாகிய தீராக்கா போருக்கு வருகின்றான் என்று கேள்விப்பட்ட சனகெரிப், மிரட்டற் கடிதம் ஒன்றை எசேக்கியாவுக்கு அனுப்பினான். எசேக்கியா அதனை வாசித்தபின், ஆலயத்துக்குட் கொண்டுபோய்க் கடவுளுக்கு முன்பாக விரித்து வைத்தான். அவனுடைய மன்றாட்டின் சாரம் மூன்று விடயங்கள். உலகின் அரசுகள் யாவற்றுக்கும் கடவுள் ஒருவரே. அசீரியர் பல நாடுகளை அழித்தது உண்மை. எல்லா நாடுகளும் அவரே கடவுள் என்று அறியும்படி இப்போது எங்களைக் காப்பாற்ற வேண்டும்.

இரண்டாவது விடயத்தைக் கவனியுங்கள். ஆபத்தை அவன் மறைக்கவில்லை, குறைத்தும் கூறவில்லை. எதிரியின் பலத்தை உள்ளபடி ஒப்புக்கொண்டு மன்றாடியதே அவனுடைய விசுவாசத்தின் சிறப்பாகும்.

சனகெரிப் நகருக்குள் நுழையமாட்டான், அம்பு எய்யமாட்டான், வந்த வழியே திரும்புவான் என ஏசாயா மூலம் மறுமொழி கிடைத்தது. அன்றிரவு கர்த்தரின் தூதன் அசீரியப் பாளயத்தில் 185,000 பேரைச் சங்கரித்தான் என வேதாகமம் கூறுகின்றது. சனகெரிப் நினிவேக்குத் திரும்பினான். இருபது ஆண்டுகளின் பின்னர், கி.மு. 681 இல், அவன் தன் புதல்வராலேயே கொலை செய்யப்பட்டான். எசரத்தோன் அவனுக்குப் பின் அரசனானான்.

8. பகைவனின் பதிவேடு கூறுவது என்ன?

சனகெரிப் தன் வெற்றிகளைக் களிமண் பட்டகங்களிற் பொறித்து வைத்தான். அவற்றுள் ஒன்று 1830 இல் நினிவேயிற் கண்டெடுக்கப்பட்டு, இப்போது இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. எசேக்கியாவின் 46 அரணான நகரங்களைப் பிடித்ததாகவும், 200,150 மக்களைச் சிறைபிடித்ததாகவும் அவன் பெருமை பேசுகின்றான். எசேக்கியாவைக் கூண்டுப் பறவைக்கு ஒப்பிட்டு, எருசலேமுக்குள் அடைத்துவைத்ததாகக் கூறுகின்றான். 30 தாலந்து பொன்னும் 800 தாலந்து வெள்ளியும் பின்னர் நினிவேக்கு அனுப்பப்பட்டதாகவும் குறிப்பிடுகின்றான்.

பொன்னின் அளவில் இரு பதிவுகளும் ஒத்துப்போகின்றன. வெள்ளியின் அளவும் அது செலுத்தப்பட்ட காலமும் வேறுபடுகின்றன. ஆனால் மிக முக்கியமானது அவன் சொல்லாமல் விட்டதே. எருசலேமைப் பிடித்ததாக அவன் எங்கும் கூறவில்லை. 185,000 பேரின் மரணத்தையும் அவன் குறிப்பிடவில்லை. தோல்விகளைப் பதியும் வழக்கம் அசீரிய அரசருக்கு இல்லை. படை ஏன் திரும்பியது என்பதற்கு வரலாற்றாசிரியர் கொள்ளைநோய், கப்பம், எகிப்தியப் படையின் வருகை எனப் பல காரணங்களை முன்வைப்பர். வேதாகம ஆசிரியருக்கோ அது கடவுளின் செயல். நகரம் வீழவில்லை என்பதில் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன.

9. லாகீஸ் மக்கள் மன்றாடவில்லையா?

வகுப்பில் இப்பாடத்தைக் கற்பிக்கும்போது ஒரு கேள்வி அநேகமாக எழும். எருசலேம் காக்கப்பட்டது சரி, லாகீஸ் மக்கள் மன்றாடவில்லையா? அவர்களும் கடவுளின் மக்கள்தானே? இது நல்ல கேள்வி. இதனைத் தட்டிக்கழிக்கக்கூடாது.

லாகீஸின் வீழ்ச்சியைச் சனகெரிப் தன் நினிவே அரண்மனைச் சுவரிற் சிற்பங்களாகச் செதுக்கினான். அச்சிற்பங்களும் இன்று பிரித்தானிய நூதனசாலையிலேயே உள்ளன. மதிலின் உச்சிக்குச் செல்லும் மண்மேடு, மதிலை இடிக்கும் பொறிகள், மேலிருந்து தீப்பந்தங்களை எறியும் காவலர், கழுவேற்றப்பட்டோர், மாட்டுவண்டிகளில் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறும் குடும்பங்கள் ஆகியவற்றை அவற்றிற் காணலாம். அசீரியர் அமைத்த மண்மேடு லாகீஸில் இன்றும் எஞ்சியுள்ளது.

இம்மக்கள் ஏன் காக்கப்படவில்லை என்பதற்கு வேதாகமம் நேரடி விடை தரவில்லை. அவர்கள் எருசலேம் மக்களைவிடப் பாவிகள் என்று இவ்வரலாறு கூறவுமில்லை. ஆகவே நாமும் அவ்வாறு எழுதக்கூடாது. ஆனால் வேதாகமம் அவர்களை மறக்கவில்லை. லாகீஸுக்கு அண்மையிலுள்ள மொரேசா ஊரைச் சேர்ந்தவர் மீகா தீர்க்கதரிசி. அவருடைய நூலின் முதலாம் அதிகாரம், அப்பகுதி ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் புலம்புகின்றது. லாகீஸும் அவருடைய சொந்த ஊரும் அவற்றுள் அடங்கும். எருசலேமின் விடுதலையைப் பாடும் அதே வேதாகமத்தில், வீழ்ந்த ஊர்களுக்கான அழுகையும் இடம்பெற்றுள்ளது.

எனவே, விசுவாசிக்கு எத்தீங்கும் நேராது என்பது எசேக்கியாவின் வரலாறு தரும் பாடமன்று. தாவீதின் வம்சத்தையும் ஒரு மீதியான மக்களையும் கடவுள் அழியவிடவில்லை, அதனால் அவருடைய வாக்குத்தத்தம் தொடர்ந்தது என்பதே பாடமாகும். இயேசுவின் வம்ச வரலாற்றிலும் எசேக்கியாவின் பெயர் இடம்பெறுகின்றது (மத்தேயு 1).

10. இறுதிக்காலமும் பின்னர் நிகழ்ந்தவையும்

எசேக்கியா இறந்தபோது யூதாவும் எருசலேமும் அவனைக் கனப்படுத்தி, தாவீதின் வம்சத்தாரின் கல்லறைகளில் அடக்கம் செய்தன. அவனுடைய பெயரும் தந்தையின் பெயரும் பொறித்த களிமண் முத்திரைப் பதிவு ஒன்று எருசலேம் அகழ்வாய்வில் கிடைத்தது 2015 இல் அறிவிக்கப்பட்டது. அவனுக்குப் பின் 12 வயதில் அரசனான மனாசே 55 ஆண்டுகள் ஆண்டு, தந்தை இடித்த மேடைகளைத் திரும்பவும் கட்டினான்.

நூறு ஆண்டுகள் கழிந்தன. எருசலேம் மக்கள் எசேக்கியா காலத்து விடுதலையை மறக்கவில்லை. ஆனால் அதைப் பிழையாக நினைவில் வைத்திருந்தனர். ஆலயம் இங்கே இருக்கும்வரை நகரம் விழாது, நாம் எப்படி வாழ்ந்தாலும் பரவாயில்லை என்று எண்ணினர். எரேமியா தீர்க்கதரிசி ஆலய வாசலில் நின்று இதனைக் கண்டித்தார். அந்நியரையும் அநாதைகளையும் விதவைகளையும் ஒடுக்கிக்கொண்டு ஆலயத்தை நம்புவது வீண் என்றார். அதற்காக அவரைக் கொல்ல முயன்றபோது, நாட்டின் மூப்பர் சிலர் எழுந்து பழைய நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்டினர். சீயோன் வயலைப் போல உழப்படும் என மீகா அறிவித்தபோது, எசேக்கியா அவரைக் கொல்லவில்லை. மாறாகக் கடவுளுக்குப் பயந்து மன்றாடினான், தீங்கும் நீங்கியது (எரேமியா 26).

எசேக்கியாவைப் பற்றிய மிகச் சிறந்த சாட்சியம் இதுவெனலாம். எச்சரிக்கையைக் கேட்டுத் திருந்தக்கூடிய மனம் அவனிடம் இருந்தது. பின் வந்தோரிடம் அது இருக்கவில்லை. கி.மு. 586 இல் பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சாரின் படை அதே மதில்களை உடைத்து, ஆலயத்தைச் சுட்டெரித்தது. எசேக்கியாவின் சுரங்கத்தில் அப்போதும் நீர் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். பாதுகாப்பு மதிலிலோ நீரிலோ ஆலயக் கட்டடத்திலோ தங்கியிருக்கவில்லை. மோசேயின் வெண்கலச் சர்ப்பத்துக்கு நேர்ந்ததே ஆலயத்துக்கும் நேர்ந்தது. மக்கள் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு கடவுளை விட்டுவிட்டனர்.

நினைவிற் கொள்க

• கி.மு. 734 அளவில் – ஆகாஸ் அசீரியாவின் உதவியை நாடல்
• கி.மு. 722 அளவில் – சமாரியாவின் வீழ்ச்சி
• கி.மு. 715–687 – எசேக்கியாவின் ஆட்சி
• கி.மு. 705 – சர்கோனின் மரணம், சனகெரிப் அரசனாதல்
• கி.மு. 701 – சனகெரிபின் படையெடுப்பு, எருசலேம் காக்கப்படல்
• கி.மு. 681 – சனகெரிப் கொல்லப்படல்
• கி.மு. 586 – எருசலேமின் அழிவு

பயிற்சி வினாக்கள்

1. எசேக்கியா உடைத்த வெண்கலச் சர்ப்பத்துக்கு இடப்பட்ட பெயர் யாது? அதனை அவன் உடைத்தது ஏன்?
2. முற்றுகையை எதிர்நோக்க எசேக்கியா செய்த ஆயத்தங்கள் நான்கு தருக.
3. ரப்சாக்கே அரமேய மொழியைத் தவிர்த்து யூதரின் மொழியிற் பேசியதன் நோக்கம் யாது?
4. எருசலேம் முற்றுகை தொடர்பாக வேதாகமமும் சனகெரிபின் பதிவேடும் ஒத்துப்போகும் விடயங்கள் இரண்டும், வேறுபடும் விடயங்கள் இரண்டும் தருக.
5. கடவுளின் பாதுகாப்பு மனித முயற்சியை விலக்குவதில்லை என்பதை எசேக்கியாவின் வாழ்விலிருந்து இரு உதாரணங்கள் மூலம் விளக்குக.
6. எசேக்கியா காலத்து எருசலேம் மக்களையும் எரேமியா காலத்து எருசலேம் மக்களையும் ஒப்பிட்டு, கடவுளை நம்புதல் என்பதன் பொருளை ஆராய்க.

விடைக் குறிப்பு: 5 ஆம் வினாவுக்குச் சுரங்க நீர்வழியையும் அத்திப்பழ அடையையும் எடுத்துக்கொள்ளலாம். 6 ஆம் வினாவுக்குக் கதையை மட்டும் எழுதி நிறுத்திவிட வேண்டாம். எசேக்கியா கடிதத்தைக் கடவுளுக்கு முன்பாக விரித்துத் தன் இயலாமையை ஒப்புக்கொண்டான், பின் வந்தோர் ஆலயத்தைக் காட்டித் தம் அநீதியை மூடிக்கொண்டனர் என்ற வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுங்கள். விடையின் உயிர் அதுவேயாகும்.